ஒன்பது அடி

என் பெயர் சுருளிவேல். பன்னிரண்டு வருஷம் போடிமெட்டு ரூட்டில் ஜீப்பு ஓட்டியவன். காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போவேன், சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவேன். தினமும் அந்த வளைவுகளில் ஒடித்து ஒடித்து இடுப்பு வலி கண்டுவிட்டது. ஜீப்பை விட்டுவிட்டு என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் இந்த அளவெடுக்கும் கம்பெனிக்கு உள்ளூர் டிரைவர் வேண்டும் என்றார்கள். போய்ச் சேர்ந்தேன்.

வண்டி வெள்ளை பொலிரோ. கூரைமேல் ஒரு இரும்புச் சட்டம், அதில் சுற்றிக்கொண்டே இருக்கும் லேசர் கருவி, நாலாப்பக்கமும் படம் எடுக்கும் கேமரா, சாட்டிலைட் சிக்னல் வாங்கும் வெள்ளைத் தட்டு. நான் இருபது கிலோமீட்டர் வேகத்தில் தெருவில் போனால் போதும். சுவர், படி, கரண்டுக் கம்பம், சாக்கடை மூடி என்று லேசர் பட்டதெல்லாம் புள்ளி புள்ளியாகப் பதிவாகிவிடும். நொடிக்குப் பல லட்சம் புள்ளிகள். அதையெல்லாம் சேர்த்தால் கம்ப்யூட்டர் திரையில் தெரு அப்படியே எழுந்து நிற்கும். திருப்பிப் பார்க்கலாம், மேலிருந்து பார்க்கலாம், எந்த இடத்துக்கும் எந்த இடத்துக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்கலாம். லேசர் பார்க்க முடியாத இடம் மட்டும் கறுப்பாகக் கிடக்கும்.

பின் சீட்டில் லாப்டாப்போடு இருப்பவள் பாண்டீஸ்வரி. சிலமலைக்காரப் பெண், இருபத்தேழு வயது. நில அளவைப் படிப்பு முடித்துவிட்டு வெளியூரில் மூன்று வருஷம் இந்த வேலையே பார்த்தவள். சொந்த ஊர்ப் பக்கம் வேலை வந்திருக்கிறது என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். அதிகம் பேச மாட்டாள். கருவி ஓடும்போது நான் பாட்டுப் போட்டால்கூட, "அண்ணே, இந்தத் தெரு முடியட்டும்ணே" என்பாள்.

போடியின் தெருக்கள் அத்தனையையும் இப்படி எடுத்து நகராட்சிக்குக் கொடுக்க வேண்டும் என்பது கம்பெனி எடுத்திருந்த வேலை. அதை வைத்துத்தான் புதுச் சாக்கடையும் ரோடும் போடப்போகிறார்கள். முதல் இரண்டு வாரம் ஒரு சிக்கலும் இல்லை. மூன்றாவது வாரம் ஓடைக்கரைத் தெருவுக்குப் போனோம்.

ஊரின் மேற்கு ஓரத்தில் இருக்கிற தெரு அது. ஒரு பக்கம் இருபத்திரண்டு வீடுகள். எதிர்ப்பக்கம் முழுக்க ஒரே நீளச் சுவர், ஏலக்காய் குடோனுடையது. எங்களுக்கு முன்பே எங்கள் கம்பெனியின் வேறொரு குழு வந்து டேப்பால் அளந்துவிட்டுப் போயிருந்தது. ரெக்கார்டுப்படி தெருவின் அகலம் இருபது அடி. குடோன் சுவரிலிருந்து வீட்டு வாசல்வரை அவர்கள் அளந்தபோது பதினோரு அடிதான் வந்தது. மிச்சம் ஒன்பது அடியை வீட்டுக்காரர்கள்தான் எடுத்துக் கட்டிவிட்டார்கள் என்று எழுதி, ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் சிவப்புப் பெயிண்டில் '9' என்று போட்டுவிட்டார்கள். அதை வைத்து நகராட்சி ஆக்கிரமிப்பு நோட்டீசும் கொடுத்துவிட்டது. ஒன்பது அடி போனால் அந்த வீடுகளில் அடுப்படி மட்டும்தான் மிஞ்சும்.

காலை ஆறரை மணிக்கு வண்டியைத் தெருவுக்குள் திருப்பினேன். நட்ட நடுவில் ஒரு பெண் வந்து நின்றாள். கையில் தண்ணீர்க் குடம்.

"ஓரமா நில்லுக்கா" என்று தலையை நீட்டிய பிறகுதான் ஆள் தெரிந்தது. மாயக்காள். ஆறு வருஷம் என் ஜீப்பில் மலைக்கு வந்தவள். இப்போது எதிரில் இருக்கும் அந்தக் குடோனிலேயே ஏலக்காய் ரகம் பிரிக்கிறாள்.

"யாரு, சுருளியா?" என்றாள். "என் வீட்டை இடிக்கிற வண்டிய நீயா ஓட்டிட்டு வர்ற?"

பாண்டீஸ்வரி கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள்.

"இடிக்க வரலக்கா. அளக்கத்தான் வந்திருக்கோம்."

"முன்னாடி வந்தவனும் அதத்தான் சொன்னான். அளந்துட்டு செவப்பு அடிச்சுட்டுப் போயிட்டான். நீ எத அளக்கப்போற ஆத்தா?"

"இந்த லேசருக்குத் தெரியுற எல்லாத்தையும்."

"ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டு பக்கமும்தான்."

மாயக்காள் குடத்தைக் கீழே வைத்தாள். திரும்பி குடோனின் இரும்புத் தகடு கேட்டைக் காட்டினாள். "அப்ப அந்தக் கேட்டுக்கு உள்ள ஒரு கல்லு நிக்குது. அதயும் அளப்பியா?"

"என்ன கல்லு?"

"முழங்கால் உசரக் கருங்கல்லு. தலையில அம்புக்குறி வெட்டியிருக்கும். வெளக்கமாத்தச் சாத்தி வைப்போம். துணி துவைக்கிற கல்லுன்னு மொதலாளி சொல்றாரு. துணி துவைக்கிற கல்லுல எவன் அம்புக்குறி வெட்டுவான்?"

பாண்டீஸ்வரி சட்டென்று என்னைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது எனக்கே தெரிந்தது. அம்புக்குறி போட்ட கல் என்றால் சர்க்கார் நட்ட சர்வே கல். தெருவின் எல்லையே அங்கிருந்துதான் தொடங்கும். அந்தத் தெருவின் கல் காணாமல் போய்விட்டது என்றுதான் முந்தைய குழு எழுதியிருந்தது. கல் இல்லாததால் சுவரிலிருந்து அளந்தார்கள். கல் உள்ளே இருக்கிறது என்றால் சுவரைத்தான் தெருவுக்குள் தள்ளிக் கட்டியிருக்கிறார்கள்.

"கேட்டிலிருந்து எவ்வளவு உள்ள இருக்கு?"

"எட்டு எட்டரை அடி. இல்ல, ஒம்பதுகூட இருக்கும். எவ்வளவோ தடவ சொல்லிட்டோம். முன்னாடி வந்தவன் உள்ள எட்டிக்கூடப் பாக்கல."

முதல் தடவை ஓட்டினோம். கேட் மூடியிருந்தது. திரையில் தகடுதான் வந்தது, அதற்குப் பின்னால் கறுப்பு. ஒன்பது மணிக்கு மூட்டை ஏற்றின டெம்போ வரும், அப்போது கேட்டைத் திறப்பார்கள் என்று மாயக்காள் சொல்லியிருந்தாள். மறுநாள் அந்த நேரத்துக்குப் போனோம். கேட் திறந்துதான் இருந்தது. ஆனால் எங்கள் வண்டி தெருமுனையில் திரும்பியதுமே வாட்ச்மேன் ஜக்கையன் ஓடிவந்து இரண்டு கதவையும் இழுத்துச் சாத்தினான். நாங்கள் கடந்துபோன பிறகு மறுபடி திறந்தான்.

அன்று மத்தியானமே செழியன் சார் போன் செய்தார். மதுரை ஆபீசிலிருந்து எங்கள் வேலையைப் பார்த்துக்கொள்பவர். குரல் உயர்த்தியே பேசாதவர்.

"ஒரே தெருவுல ரெண்டு தடவ எதுக்கு பாண்டீஸ்வரி? குடோன்காரர் கூப்பிட்டு வருத்தப்படுறாரு. ஓடைக்கரைத் தெரு முடிஞ்சதுன்னு வச்சுக்கோங்க. திரும்பப் போக வேண்டாம்."

"டேட்டா முழுசா வரல சார். ஓட்டை இருக்கு."

"வந்த வரைக்கும் போதும்."

போனை வைத்துவிட்டுப் பாண்டீஸ்வரி என்னிடம் சொன்னாள், "அண்ணே, நாளைக்கு நான் அந்தத் தெருவுக்குப் போறதா இருக்கேன். நீங்க வரலைன்னா தப்பா நினைக்க மாட்டேன். சாவியக் கொடுத்துட்டு வீட்டுல இருங்க, நானே ஓட்டிக்கிறேன்."

எனக்குப் பயம் இல்லை என்று சொன்னால் பொய். என் மகள் ரோஜா நர்சிங் இரண்டாம் வருஷம். இந்த வேலையும் போனால் இடுப்பு வலியோடு எங்கே போவது? ஆனால் "நீயா ஓட்டிட்டு வர்ற" என்று மாயக்காள் கேட்டது காதிலேயே நின்றது. ஆறு வருஷம் என் பின் சீட்டில் உட்கார்ந்து, மழையிலும் மூடுபனியிலும் என்னை நம்பி மலை ஏறியவள். காலையில் எழுந்து வண்டியைத் துடைத்தேன்.

ஒன்பது மணிக்கு குடோனில் பெண்கள் வேலைக்கு நுழைவார்கள். அன்றைக்கும் நுழைந்தார்கள். ஆனால் கேட்டைத் தாண்டி உள்ளே போகவில்லை. மாயக்காளோடு சேர்த்துப் பதினொரு பேர். இந்தக் கதவில் ஆறு பேர், அந்தக் கதவில் ஐந்து பேர், சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். மடியில் தூக்குச்சட்டி. நடுவில் மட்டும் வழி விட்டிருந்தார்கள். கல்லுக்கும் ரோட்டுக்கும் இடையில் ஆள் இருந்தால் லேசர் மறைந்துவிடும் என்று பாண்டீஸ்வரி முந்தின நாளே சொல்லி வைத்திருந்தாள்.

ஜக்கையன் கத்துவது தெருமுனைவரை கேட்டது. "எந்திரிங்க! கேட்டச் சாத்தணும்! மொதலாளி வர்ற நேரம்!"

"சாத்து" என்றாள் மாயக்காள். "எங்களோட சேத்துச் சாத்து."

நான் வண்டியை நகர்த்தினேன். இருபதில் போகச் சொல்வார்கள், ஐந்தில் போனேன். கேட்டுக்கு நேராக வந்ததும் இன்னும் குறைத்தேன். ஜக்கையன் ஓடிவந்து பானட்டைத் தட்டினான். "நிறுத்துனா வண்டியத் தூக்கிப் போட்டுருவேன்" என்றான். "நிறுத்தலையேப்பா, போயிட்டுத்தான இருக்கேன்" என்றேன். அதுவும் உண்மைதான். ஊர்ந்துகொண்டு போனேன். பின்னால் பாண்டீஸ்வரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று, "வந்துருச்சுண்ணே" என்றாள்.

தெருக்கோடியில் நிறுத்திப் பார்த்தோம். கேட் இடைவெளி வழியாக உள்ளே விசிறி மாதிரி விழுந்த புள்ளிகள். தரை, ஒரு வாளி, அதற்கு இந்தப் பக்கம் சதுரமாக ஒரு கல். கேமராப் படத்தில் அம்புக்குறியும் விழுந்திருந்தது. சுவரிலிருந்து ஒன்பது அடி.

தினமும் எடுத்த பதிவை அப்படியே ஒரு டிஸ்க்கில் போட்டு, சாயங்காலம் நகராட்சி இன்ஜினியரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது ஒப்பந்தம். பாண்டீஸ்வரி அன்றைக்குச் சாயங்காலம்வரை காத்திருக்கவில்லை. பதினோரு மணிக்கே கொடுத்துவிட்டு வந்தாள். கூடவே ஒரு பக்க ரிப்போர்ட். கல் எந்த இடத்தில் நிற்கிறது என்ற எண்களோடு.

மறுநாள் போடிமெட்டு ரோட்டில் வேலை. மலை ரோட்டையும் எடுக்கவேண்டியிருந்தது. பாறை ஒரு பக்கம் மறைப்பதால் சாட்டிலைட் சிக்னல் அறுந்து அறுந்து வரும், அதனால் வளைவுக்கு வளைவு நிறுத்தி நிறுத்திப் போனோம். ஒன்பதாவது வளைவில் நிற்கும்போது செழியன் சார் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"கேட்டுக்கு உள்ள விழுந்த புள்ளியெல்லாம் தனியார் இடம் பாண்டீஸ்வரி. நம்ம வேலை ரோடு மட்டும். அதைக் கிளீன் பண்ணிருங்க."

"ரோடு எது, தனியார் இடம் எதுன்னு சொல்றதே அந்தக் கல்லுதான சார்?"

"நம்ம முதல் ரிப்போர்ட்ல கல்லு இல்லைன்னு எழுதிக் கொடுத்துட்டோம். இப்ப இருக்குன்னு சொன்னா கம்பெனி பேரு என்னாகும்? நேத்துக் கொடுத்த டிஸ்க் பழுதுன்னு ஒரு லெட்டர் கொடுங்க. வேற டிஸ்க் நான் அனுப்புறேன்."

"டிஸ்க் பழுது இல்ல சார்."

அதே அமைதியான குரலில், "அங்க இப்ப கல்லே கிடையாது. வேணும்னா போய்ப் பாருங்க" என்றார்.

அவர் வைத்ததும் மாயக்காள் என் போனில் வந்தாள். காலையில் வேலைக்குப் போனவர்களை ஜக்கையன் கேட்டிலேயே நிறுத்திவிட்டானாம். பதினொரு பேருக்கும் இனி வேலை இல்லையாம். கல் நின்ற இடத்தில் ராத்திரியோடு ராத்திரியாகச் சிமெண்ட் பூசியிருக்கிறதாம், இன்னும் ஈரம் காயவில்லையாம்.

பாண்டீஸ்வரி ரோட்டோரக் கட்டைச் சுவரில் போய் உட்கார்ந்தாள். கீழே ஊர் வெயிலில் கிடந்தது. ஏலத்தோட்டத்து ஜீப்பு ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைக் கடந்து ஏறியது. அழுகிறாளோ என்று நினைத்தேன். பக்கத்தில் போனால், முகம் கல் மாதிரி இருந்தது.

"என்னால பதினொரு பேருக்கு வேலை போச்சுண்ணே."

"உன்னால இல்ல தாயி. அவங்களாத்தான் வந்து உக்காந்தாங்க."

"இப்ப அந்தக் கல்லு அந்த டிஸ்க்ல மட்டும்தான் இருக்கு. அதையும் பழுதுன்னு எழுதிக் கொடுத்தா எங்கயுமே இருக்காது."

அவளே செழியன் சாரைத் திரும்பக் கூப்பிட்டாள். "லெட்டர் கொடுக்க மாட்டேன் சார். நான் அளந்தது சரி" என்றாள். வண்டியை நாளைக்கு மதுரைக்கு அனுப்பிவிட்டு நீங்கள் வீட்டுக்குப் போகலாம் என்றார் அவர். "சரிங்க சார்" என்று வைத்துவிட்டாள். பிறகு என்னிடம், "மிச்ச வளைவையும் முடிச்சுருவோம்ணே. இந்த வேலையில குறைன்னு யாரும் சொல்லக் கூடாது" என்றாள். பதினேழு வளைவையும் முடித்துவிட்டுத்தான் இறங்கினோம். மறுநாள் மதுரைக்குக் கொண்டுபோய் வண்டியை விட்ட இடத்திலேயே என் கணக்கையும் தீர்த்து அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த வாரம் ஓடைக்கரைத் தெருவின் ஆட்சேபணையைக் கேட்க நகராட்சி ஆணையரே தெருவுக்கு வந்தார். நாற்பது வயதுப் பெண், வெயிலுக்குக் குடைகூடப் பிடிக்கவில்லை. குடோன் முதலாளி வந்தார், செழியன் சார் வந்தார். இந்தப் பக்கம் இருபத்திரண்டு வீட்டு ஆட்களும் நின்றார்கள். பாண்டீஸ்வரி சிலமலையிலிருந்து பஸ்சில் வந்திருந்தாள்.

"அன்னைக்குக் கருவியில கோளாறு மேடம்" என்றார் செழியன் சார். "சாட்டிலைட் சிக்னல் தள்ளிப்போச்சு. அந்தப் பொண்ணுக்கு அனுபவம் கம்மி. வாளியோ பெட்டியோ பட்டதைக் கல்லுன்னு எழுதிட்டாங்க."

ஆணையர் பாண்டீஸ்வரியைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

"மூணு தடவ ஓட்டியிருக்கோம் மேடம். மூணு தடவையும் இந்த வீட்டு வாசப்படியெல்லாம் ஒரே இடத்துலதான் விழுந்திருக்கு. ரெண்டு சென்டிமீட்டர்கூட வித்தியாசம் இல்ல. டிஸ்க் உங்ககிட்டத்தான் இருக்கு, திறந்து பாருங்க. சிக்னல் தள்ளிப்போயிருந்தா வாசப்படியும் சேர்ந்து தள்ளிப்போயிருக்கணும். கல்லு மட்டும் எப்படித் தனியா நகரும்?"

"படம் இருக்கட்டும். இப்ப கல்லு எங்க?" என்றார் முதலாளி. "என் கேட்டைத் திறந்து விடுறேன். தாராளமா வந்து பாருங்க. கண்ணுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க."

அவர் சிரித்தபடிதான் சொன்னார். கேட்டும் திறந்தது. உள்ளே வழவழவென்று புதுச் சிமெண்ட். நகராட்சி சர்வேயர் தெருக்கோடியில் வெளியே நிற்கிற, அடுத்த தெருவுக்கான சர்வே கல்லில் கருவியை வைத்துத் தொடங்கினார். பாண்டீஸ்வரி ரிப்போர்ட்டில் இருந்த எண்களை ஒவ்வொன்றாக வாசித்தாள். அவர் கம்பை நகர்த்திக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டார். வட்டம் புதுச் சிமெண்டுக்கு நடுவில் விழுந்தது.

"இத உடைச்சா நஷ்டம் யாரு தருவா?" என்றார் முதலாளி. சிரிப்பு போயிருந்தது.

"உடைங்க" என்றார் ஆணையர். "உத்தரவு நான் எழுதுறேன்."

நகராட்சி ஆள் ஒருவன் கடப்பாரையோடு வந்தான். மாயக்காள் குறுக்கே போய் அதை வாங்கிக்கொண்டாள். "தள்ளு அப்பு. கல்லு இல்லேன்னா நானே திரும்பப் பூசித் தர்றேன்" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். யாரும் தடுக்கவில்லை. முதல் குத்தில் சிமெண்ட் விரிந்தது. ஏழெட்டுக் குத்தில் பெயர்ந்து வந்தது. அடியில் மண். இன்னும் இரண்டு குத்து. 'டங்' என்று ஒரு சத்தம்.

மண்ணைக் கையால் தள்ளினாள். கருங்கல்லின் அடிப்பாகம். பிடுங்க நேரமில்லாமல் சம்மட்டியால் தலையை மட்டும் உடைத்துவிட்டு மூடியிருக்கிறார்கள். உடைந்த இடம் வெள்ளை வெளேரென்று புதிதாக இருந்தது. பெண்கள் போட்ட குலவைச் சத்தத்தில் ஆணையர் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. சர்வேயர் அந்தக் கல்லில் டேப்பின் ஒரு முனையை வைத்து, கேட் வழியாக இழுத்துக்கொண்டு போய் எதிர் வீட்டு வாசப்படியில் நிறுத்தினார். இருபது அடி ஒரு அங்குலம்.

செழியன் சார் எப்போது காரில் ஏறிப் போனார் என்று நாங்கள் பார்க்கவில்லை.

அன்றைக்கே வீடுகளின் மேல் இருந்த ஆக்கிரமிப்பு நோட்டீசு ரத்தானது. சிவப்பு எழுத்தின் மேல் ஆளாளுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். ஆனால் சுவர் இன்னும் அங்கேயேதான் நிற்கிறது. முதலாளி கோர்ட்டில் தடை வாங்கிவிட்டார். பதினொரு பெண்களில் எட்டுப் பேருக்கு வேறு குடோன்களில் வேலை கிடைத்தது. மாயக்காளை மட்டும் எந்தக் குடோனும் சேர்க்கவில்லை. ராசிங்காபுரம் பக்கம் தோட்டத்தில் களை எடுக்கப் போகிறாள். வருத்தமாக இருக்கிறதா என்று ஒரு நாள் கேட்டேன். "வருத்தப்பட்டா மட்டும் உள்ள விட்டுருவானா?" என்றாள். நான் இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன்.

போன வாரம் பாண்டீஸ்வரியைப் பார்க்கச் சிலமலைக்குப் போயிருந்தேன். வீட்டு முன்னால் செழியன் சாரின் கார் நின்றது. அவள் தோட்டத்தில் கத்தரிக்காய் பறித்துக்கொண்டிருந்த கையோடு வரப்பிலேயே நின்று பேசிக்கொண்டிருந்தாள். அவர் ஒரு தாளை நீட்டியிருந்தார். அன்றைக்கு அளந்தது தன் சொந்த அபிப்பிராயம், கம்பெனிக்குச் சம்பந்தமில்லை என்று கையெழுத்துப் போட்டால் சுவர் கேசில் பிரச்சினை தீர்ந்துவிடும், வேலையும் திரும்பக் கிடைக்கும் என்றார். அனுபவச் சான்றிதழ் இல்லாமல் வேறு எங்கும் அவளை எடுக்கவில்லை என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

பாண்டீஸ்வரி தாளை வாங்கி முழுவதும் படித்தாள். மடித்து அவரிடமே கொடுத்தாள்.

"அபிப்பிராயம்னா மாத்திக்கலாம் சார். இது அளவு."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுத்தான் சொல்றேன். பதினெட்டாம் தேதி என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்காங்க. அங்க வந்து கேளுங்க, இதையேதான் சொல்வேன்."

அவர் போன பிறகு என்னைப் பார்த்து, "வாங்கண்ணே, எப்ப வந்தீங்க?" என்றாள். கூடையை வரப்பில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். பதினெட்டாம் தேதி வேனுக்கு மாற்று டிரைவர் சொல்லிவிட்டேன் என்றேன். ஓடைக்கரைத் தெருவிலிருந்து எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்டாள். இருபத்திரண்டு வீட்டிலும் ஆள் வருகிறது, தனியாக ஒரு பஸ்சே பேசிவிட்டார்கள் என்றேன்.